போனில் ஆங்கிலம் பேச வேண்டி வந்தால்

நேரில் ஓரளவு ஆங்கிலம் பேசிச் சமாளிப்பவர்கள்கூட, போன் என்றால் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இலக்கணம் தெரியாததால் வருகிற பயம் அல்ல இது. நேரில் பேசும்போது பாதி வேலையைத் தலையாட்டலும் கையசைப்பும் சிரிப்புமே செய்துவிடுகின்றன. புருவத்தைச் சுருக்கினால் போதும், எதிரில் இருப்பவர் இன்னொரு தடவை சொல்லிவிடுவார். போனில் புருவம் தெரியாது. அது செய்த வேலையையும் வாக்கியம்தான் செய்தாக வேண்டும்.

நல்லவேளையாக, அதற்கான வாக்கியங்கள் ஆங்கிலத்தில் முப்பது நாற்பதுதான். அவையும் பெரிதாக மாறாமல் அச்சில் வார்த்ததுபோல வருபவை. கஸ்டமர் கேரோ, கூரியரோ, வேலைக்கான அழைப்போ, அவற்றை வைத்தே முக்கால்வாசிப் பேச்சை ஓட்டிவிடலாம்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. இங்கே ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறோம். தமிழில் க, ட, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டிரண்டு ஒலி. 'குட் மார்னிங்' என்பதில் வரும் குட்டும், 'முடியுமா' என்று பணிவாகக் கேட்கிற குட்டும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். முதலாவதற்கு 'அங்கு' என்னும்போது வருகிற கு. இரண்டாவதற்கு 'குதிரை'யின் கு. கீழே 'குட் யூ', 'குட் ஐ', 'குட் வீ' என்று வருகிற இடமெல்லாம் குதிரைக் கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடுவதற்கு முன் ஒரு தாள்

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயர், எழுத்து எழுத்தாக. கணக்கு எண்ணோ புகார் எண்ணோ, மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து. எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம். எப்போது நடந்தது என்கிற தேதி. கடைசியாக, அவர்கள் என்ன செய்தால் உங்களுக்குத் திருப்தி என்பது. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசியைத்தான். பிரச்சினையைப் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, 'ஸோ வாட் வுட் யூ லைக் அஸ் டு டூ?' என்று கேட்டதும் திகைத்து நிற்பார்கள்.

முதல் பத்து நொடி

'ஹலோ, குட் மார்னிங். திஸ் இஸ் குமார், காலிங் ஃப்ரம் மதுரை. ஐ யம் காலிங் அபௌட் மை பிராட்பேண்ட் கனெக்ஷன்.'

வணக்கம், பெயர், ஊர், விஷயம். இதே வரிசையில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். போனில் தன் பெயரைச் சொல்ல 'திஸ் இஸ்' என்பதே வழக்கம். 'மைசெல்ஃப் குமார்' நம் ஊரில் பரவலாகக் காதில் விழுந்தாலும் ஆங்கிலத்தில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. 'ஆக்சுவலி' என்று தொடங்குவதையும் விட்டுவிடலாம், நம் 'வந்து...' செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஆனால் கேட்பவருக்கு ஏதோ மறுப்பு வரப்போகிறது என்று தோன்றும்.

ஒருவரைக் கேட்டுக் கூப்பிடுவதானால் 'குட் ஐ ஸ்பீக் டு மிஸ்டர் ரவி, ப்ளீஸ்?' எடுத்தவரே ரவியா என்று சந்தேகம் இருந்தால் 'இஸ் தட் ரவி?' அமெரிக்காவில் 'இஸ் திஸ் ரவி?' என்பார்கள். உங்களையே யாராவது அப்படிக் கேட்டால் பதில் ஒரே சொல்: 'ஸ்பீக்கிங்.' பேசிக்கொண்டிருப்பவர் அவர்தான் என்று பொருள்.

கூப்பிட்டவர் யார் என்று கேட்பதில்தான் பலர் தெரியாமல் முரட்டுத்தனமாகிவிடுகிறார்கள். 'நீங்க யாருங்க?' என்று நினைத்துக்கொண்டு 'ஹூ ஆர் யூ?' என்று கேட்டால், அந்தப் பக்கம் அது 'யார்ரா நீ?' என்று போய்ச் சேரும். 'மே ஐ நோ ஹூஸ் காலிங், ப்ளீஸ்?' என்பதுதான் சரி. 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்பதும் இந்தியாவுக்கு வெளியே எடுபடாது. இந்தியில் 'சுப் நாம்' என்பதை அப்படியே பெயர்த்தது அது. 'மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?' போதும்.

'ங்க' எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வா, வாங்க, சொல், சொல்லுங்க. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. அங்கே மரியாதை வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. 'நாளைக்கு வாங்க' என்பதை 'யூ கம் டுமாரோ' என்று சொன்னால் வாலும் இல்லை, தலையும் இல்லை, வெறும் உத்தரவு. 'ப்ளீஸ் கம் டுமாரோ' என்று ப்ளீஸ் சேர்த்தாலும் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பணிவான உத்தரவாகத்தான் கேட்கும். 'குட் யூ கம் டுமாரோ?' என்று கேள்வியாக்கினால்தான் 'ங்க' முழுசாகப் போய்ச் சேரும்.

ஆகவே ஒரு எளிய பழக்கம்: மனதில் '-ங்க' என்று முடிகிற கோரிக்கை எழும்போதெல்லாம் வாயில் 'குட் யூ' என்று தொடங்குங்கள். 'அனுப்புங்க' என்றால் 'குட் யூ சென்ட்'. 'பார்த்துச் சொல்லுங்க' என்றால் 'குட் யூ செக் அண்ட் லெட் மீ நோ'. அதேபோல 'வேணும்' என்பதற்கு 'ஐ வான்ட்' வேண்டாம். 'ஐ வுட் லைக்' என்பதைச் சுருக்கி 'ஐட் லைக்'. 'ஐட் லைக் டு சேஞ்ச் மை அட்ரஸ்.' அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எதிர்முனையின் குரலே மாறிவிடும்.

புரியவில்லை என்றால்

போன் ஆங்கிலத்தின் உயிர்நாடி இதுதான். நன்றாகப் பேசத் தெரிவதைவிட, புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிவதுதான் முக்கியம். 'ஆங்?', 'வாட்?' இரண்டும் வேண்டாம். குரலை உயர்த்தி 'சாரி?' என்றால் போதும். மன்னிப்பு கேட்பது ஆகாது, 'என்ன சொன்னீங்க' என்றுதான் பொருள். குரல் இறங்கினால்தான் அது மன்னிப்பு.

அதற்கடுத்த படி:

'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்.' நீங்கள் சொன்னது பிடிபடவில்லை.
'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?' திரும்பச் சொல்ல முடியுமா.
'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி?' கொஞ்சம் மெதுவாக.
'குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ?' எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.

இவற்றில் ஒரு குறை உண்டு. மொத்தமாகத் திரும்பச் சொல்லச் சொன்னால் அவர் அதே வேகத்தில் அதே வாக்கியத்தைத்தான் மறுபடி ஓட்டுவார். முதல் தடவை நழுவிய இடம் இரண்டாம் தடவையும் நழுவும். அதனால் எது பிடிபடவில்லையோ அதை மட்டும் கேளுங்கள். தேதி மட்டும் நழுவினால் 'சாரி, ஆன் வாட் டேட்?' எத்தனை நாள் என்பது நழுவினால் 'சாரி, இன் ஹவ் மெனி டேஸ்?' யாரிடம் போகச் சொன்னார் என்று தெரியவில்லையா, 'டு ஹூம், சாரி?' ஒற்றைச் சொல்லில் பதில் வரும், அதுவும் நிதானமாக வரும்.

புரிந்தது என்று நினைத்தாலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள இரண்டு வாக்கியங்கள்: 'யூ செட் தர்ஸ்டே, தி ட்வெல்ஃப்த். இஸ் தட் ரைட்?' எண் ஏதாவது கொடுத்தால் 'லெட் மீ ரீட் தட் பேக் டு யூ' என்று சொல்லி முழுசாகத் திருப்பிப் படியுங்கள். இதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் தலையாட்டுவோம். போனில் அது மௌனம். 'ஆர் யூ தேர்?' என்று கேட்டுவிடுவார்கள். நடுநடுவே 'ரைட்', 'ஐ சீ', 'காட் இட்' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். 'ஓகே', 'யெஸ்' இரண்டையும் இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, அதுவும் எதையாவது விற்கக் கூப்பிட்டவரிடம். நீங்கள் 'கேட்டுக்கிட்டிருக்கேன்' என்ற பொருளில் சொன்ன 'ஓகே'யை அவர் 'சம்மதம்' என்று குறித்துக்கொள்வார்.

ஆமாம், வரலை

தமிழரின் ஆங்கிலத்தில் அதிகம் வம்பிழுப்பது ஒரு சின்ன 'யெஸ்'. கூரியர்காரர் கேட்கிறார்: 'ஹேவன்ட் யூ ரிசீவ்ட் தி பார்சல்?' பார்சல் இன்னும் வரலையா? தமிழில் நம் பதில் 'ஆமாம், வரலை.' அதே பழக்கத்தில் 'யெஸ்' என்று சொல்லி நிறுத்தினால், வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொள்வார். புகார் அங்கேயே மூடப்படும்.

தமிழ், கேட்டவர் சொன்னது சரியா தவறா என்று பார்த்துப் பதில் சொல்கிறது. ஆங்கிலம், நடந்ததா நடக்கவில்லையா என்று மட்டும் பார்க்கிறது. பார்சல் வந்திருந்தால் 'யெஸ், ஐ ஹேவ்.' வரவில்லை என்றால் 'நோ, ஐ ஹேவன்ட்.' கேள்வி எந்தப் பக்கமாக வளைந்திருந்தாலும் கவலையில்லை. இன்னும் பத்திரமாக இருக்க வேண்டுமா, யெஸ்ஸோ நோவோ சொன்னபின் முழு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'நோ, தி பார்சல் ஹேஸ் நாட் கம்.'

இதன் ஒன்றுவிட்ட தம்பி 'டூ யூ மைண்ட்'. 'டூ யூ மைண்ட் ஹோல்டிங் ஃபார் எ மினிட்?' என்றால் ஒரு நிமிடம் காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். 'யெஸ்' என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். 'நாட் அட் ஆல்' என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, 'கேன்', 'கான்ட்'. போனில் கடைசி ட் காதில் விழுவதே இல்லை. முடியாது என்று சொல்லும் இடத்தில் சுருக்காமல் 'கேனாட்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

எழுத்தும் எண்ணும்

'பி' என்று சொன்னால் எது? பாரிஸின் முதலெழுத்தும் பெங்களூரின் முதலெழுத்தும் தமிழ்க் காதுக்குப் பி. டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் டி. போன் லைன் இதை இன்னும் மழுக்கிவிடும். எம்மும் என்னும் ஒன்றாகும், எஃப்பும் எஸ்ஸும் ஒன்றாகும். நம்மில் பலர் 'யெம்', 'யென்', 'யெல்' என்று முன்னால் ஒரு ய சேர்ப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது.

விமானிகளுக்கு இதே தொல்லை இருந்ததால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்தது. இன்று புழங்கும் வரிசை 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. கால் சென்டர்களிலும் இது செல்லுபடியாகும். இருபத்தாறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பெயரில் வருகிற எழுத்துகளையும் ஒன்றோடொன்று குழம்பும் ஜோடிகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பாப்பா, பிராவோ, டேங்கோ, டெல்டா, மைக், நவம்பர், ஃபாக்ஸ்ட்ராட், சியரா.

தமிழரசி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து, நடுவில் ழ வேறு. ஒரே மூச்சில் சொன்னால் யாராலும் எழுத முடியாது. இப்படிப் பிரியுங்கள்: 'டி ஃபார் டேங்கோ, ஏ ஃபார் ஆல்ஃபா, எம் ஃபார் மைக், ஐ ஃபார் இந்தியா.' நிறுத்துங்கள். எதிர்முனை 'யெஸ்' சொல்லட்டும். 'இஸட் ஃபார் ஜூலூ, ஹெச் ஃபார் ஹோட்டல்.' மறுபடி நிறுத்தம். 'தென் ஏ, ஆர் ஃபார் ரோமியோ, ஏ, எஸ் ஃபார் சியரா, ஐ.' ழவின் முதல் எழுத்தை அமெரிக்கர்கள் 'ஸீ' என்பார்கள், அது கேட்பதற்கு 'சி' போலவே இருக்கும். ஜூலூ என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை.

வெளிநாட்டு நிறுவனத்தோடு பேசும்போது இனிஷியல் ஒரு தனித் தலைவலி. 'சர்நேம்', 'லாஸ்ட் நேம்', 'ஃபேமிலி நேம்' மூன்றும் ஒன்றையே கேட்கின்றன, நம்மில் பலருக்கு அது கிடையாது. 'குமார் இஸ் மை கிவன் நேம். செல்வம் இஸ் மை ஃபாதர்ஸ் நேம்.' என்று விளக்கிவிட்டு, 'ப்ளீஸ் என்டர் இட் எக்ஸாக்ட்லி ஆஸ் இன் மை பாஸ்போர்ட்' என்று முடியுங்கள். டிக்கெட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால் விமான நிலையத்தில்தான் தெரியும்.

எண்ணில் பெரிய வம்பு பதின்மூன்றா முப்பதா, பதினைந்தா ஐம்பதா என்பது. 'ஃபிஃப்டீன்' என்னும்போது அழுத்தம் பின்பாதியில், டீ நீளும். 'ஃபிஃப்டி' என்னும்போது அழுத்தம் முன்பாதியில், டி குறுகும். லைன் மோசமாக இருந்தால் அழுத்தத்தை நம்பாமல் 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்று இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். 'டபுள் நைன்', 'ட்ரிபிள் ஃபோர்' இந்தியாவிலும் பிரிட்டனிலும் புரியும். அமெரிக்கர்களிடம் தனித்தனி இலக்கமாகச் சொல்வது மேல்.

பூஜ்யத்தை 'ஓ' என்று சொல்லும் வழக்கம் போன் எண்ணுக்குச் சரி. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டுக்கு ஆகாது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள்; முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' என்று சொன்னால் எழுத்தைத்தான் அடிப்பார்கள். 'ஜீரோ' என்றே சொல்லுங்கள். தெற்காசியாவுக்கு வெளியே லட்சமும் செல்லாது: 1,50,000 என்பது அங்கே 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்'.

தானியங்கிக் குரல் கேட்கும் பொத்தான்களில் நட்சத்திரம் எல்லா ஊரிலும் 'ஸ்டார்'. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டது இங்கும் பிரிட்டனிலும் 'ஹேஷ்', அமெரிக்காவில் 'பௌண்ட்'.

நேற்று இரவும் ரெண்டு நாளும்

நேரம் சொல்லும்போது தமிழ் வாக்கியம் அடியில் இருந்து எட்டிப் பார்க்கும். 'இன்று காலை' என்பதை 'டுடே மார்னிங்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'திஸ் மார்னிங்'. 'நேற்று இரவு' என்றால் 'லாஸ்ட் நைட்'. 'ஒரு வாரத்துக்கு முன்னாடி' என்பது 'பிஃபோர் ஒன் வீக்' ஆகாது, 'எ வீக் அகோ'. இவை தவறாகச் சொன்னாலும் புரிந்துவிடும், பரவாயில்லை.

பொருளே மாறுகிற இடங்கள் வேறு. 'ரெண்டு நாள்ல வரும்' என்றால் தமிழில் இரண்டு நாளுக்குள் என்றும் இருக்கலாம், இரண்டு நாள் கழித்து என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'இன் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் போன பிறகு. 'வித்இன் டூ டேஸ்' என்றால் அதற்குள் எப்போது வேண்டுமானாலும். 'பை ஃபோர்' என்றால் நாலு மணிக்குள் முடிந்துவிடும். 'டில் ஃபோர்' என்றால் நாலு மணி வரை நடந்துகொண்டிருக்கும். 'ஐ வில் சென்ட் இட் டில் ஃபோர்' என்று சொன்னால் நாலு மணிவரை அனுப்பிக்கொண்டே இருப்பீர்களா என்று நினைப்பார்.

'ரெண்டு நாளா' என்பதற்கு 'சின்ஸ் டூ டேஸ்' வராது. 'சின்ஸ்' போட்டால் தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும்: 'சின்ஸ் மண்டே'. கால அளவைச் சொன்னால் 'ஃபார் டூ டேஸ்'.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பது வருகிற வெள்ளியா அடுத்த வார வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தேதியைச் சேர்த்துவிடுங்கள். 5/6 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கர்களுக்கு மே 6. மாதத்தின் பெயரைச் சொல்வது ஒன்றே வழி. பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் ஃபோர்' என்றால் நாலரை. மூன்றரை என்று நினைத்து முன்னாடியே போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஒரு அழைப்பு, தொடக்கம் முதல் முடிவுவரை

புதன்கிழமை காலை. திங்கள் மாலையிலிருந்து இணையம் இல்லை.

'தேங்க் யூ ஃபார் காலிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?'
'குட் மார்னிங். திஸ் இஸ் குமார், காலிங் ஃப்ரம் மதுரை. மை இன்டர்நெட் ஹேஸ் பீன் டவுன் சின்ஸ் மண்டே ஈவ்னிங்.'
'மே ஐ ஹேவ் யுவர் கஸ்டமர் ஐடி?'
'ஷ்யூர். ஃபோர் ஒன் செவன்... டூ டூ நைன்... ஸிக்ஸ் ஜீரோ ஃபைவ்.'
'ஹேவன்ட் யூ ரீஸ்டார்ட்டட் தி ரவுட்டர், சார்?'
'யெஸ், ஐ ஹேவ். ட்வைஸ். தி எல்ஓஎஸ் லைட் இஸ் ஸ்டில் ரெட்.'
'வீ வில் சென்ட் எ டெக்னீஷியன் வித்இன் ஃபார்ட்டி எய்ட் அவர்ஸ்.'
'ஸோ, பை ஃப்ரைடே மார்னிங். இஸ் தட் ரைட்?'
'யெஸ், சார்.'
'குட் யூ கிவ் மீ தி கம்ப்ளெய்ன்ட் நம்பர், ப்ளீஸ்? அண்ட் மே ஐ ஹேவ் யுவர் நேம்?'

குமார் செய்த மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். 'நெட் வரலை' என்று புலம்பாமல் எந்த விளக்கு சிவப்பு என்று சொன்னார். ஃபைபர் ரவுட்டரில் எல்ஓஎஸ் சிவப்பானால் வெளியிலிருந்து சிக்னலே வரவில்லை என்று அர்த்தம், பாதிக் கேள்விகள் அதோடு மிச்சம். நாற்பத்தெட்டு மணி நேரத்தை அப்படியே விடாமல் கிழமையாக மாற்றி ஒப்புதல் வாங்கினார். எண்ணும் பெயரும் கேட்காமல் போனை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் யாரும் வரவில்லை என்று வையுங்கள். கோபத்தில் 'யூ பீப்பிள்' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும். அது 'உங்க ஆளுங்களே இப்படித்தான்' என்று தொனிக்கும். 'யூ டோல்ட் மீ' என்பதும் வேண்டாம், இன்று எடுத்தவர் அன்று பேசியவர் அல்ல. 'ஐ வாஸ் டோல்ட் இட் வுட் பி ஃபிக்ஸ்ட் பை ஃப்ரைடே. இட் ஹேஸ்ன்ட் பீன். குட் யூ புட் மீ த்ரூ டு யுவர் சூப்பர்வைசர்?' இதில் மரியாதை குறையவில்லை, அழுத்தமும் குறையவில்லை.

லைன் சரியில்லாதபோது

குரல் விட்டுவிட்டு வந்தால் 'யூ ஆர் பிரேக்கிங் அப்'. சன்னமாக இருந்தால் 'குட் யூ ஸ்பீக் அப் எ லிட்டில்?' நாம் 'கட் ஆயிடுச்சு' என்பதற்கு 'வீ காட் கட் ஆஃப்'. திருப்பிக் கூப்பிடுவதற்கு 'ஐ வில் கால் யூ பேக்'. யூ நடுவில்தான் வரும், 'கால் பேக் யூ' கிடையாது. கேட்டவர் இருக்கையில் இல்லையென்றால் 'ஹீ இஸ் அவே ஃப்ரம் ஹிஸ் டெஸ்க்', ஊரில் இல்லையென்றால் 'ஹீ இஸ் அவுட் ஆஃப் டவுன்'. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இந்தியாவுக்குள் மட்டும். ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமா, 'டவுட்' வேண்டாம். ஆங்கிலத்தில் அது நம்பிக்கையின்மை. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்.'

வேலைக்கான அழைப்பு

'இஸ் திஸ் எ குட் டைம் டு டாக்?' என்று கேட்டுத்தான் தொடங்குவார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு 'யெஸ்' சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 'ஐ யம் ட்ராவலிங் ரைட் நவ். குட் ஐ கால் யூ பேக் அட் த்ரீ?' என்றால் யாரும் வேலையைப் பறித்துவிட மாட்டார்கள். இரைச்சலில் அரைகுறையாகப் பேசுவதால்தான் நஷ்டம்.

சொல்லும் நேரம் ஒத்துவராவிட்டால் 'தட் டே இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ. குட் வீ மேக் இட் ஃப்ரைடே இன்ஸ்டெட்?' முன்தள்ளி வைக்கச் சொல்ல 'ப்ரீபோன்' இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டு ஆளிடம் 'குட் வீ பிரிங் இட் ஃபார்வர்ட்?' சம்பள எதிர்பார்ப்பைத் திடீரென்று கேட்டு, யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் 'குட் ஐ கெட் பேக் டு யூ ஆன் தட் பை டுமாரோ ஈவ்னிங்?' சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும், அது தனி.

வேண்டாத அழைப்பு

'சாரி, ஐ யம் நாட் இன்ட்ரஸ்டட். ப்ளீஸ் டேக் மை நம்பர் ஆஃப் யுவர் லிஸ்ட்.' காரணம் சொல்லாதீர்கள். எந்தக் காரணத்துக்கும் அவர்களிடம் பதில் எழுதி வைத்திருக்கும். இந்தியாவில் விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909-இல் பதிவு செய்துகொள்ளலாம்.

வங்கி என்று சொல்லி ஓடிபி கேட்டால் 'ஐ டோன்ட் ஷேர் ஓடிபி ஓவர் தி போன். ஐ வில் கால் தி பேங்க் மைசெல்ஃப்.' சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். வேகமான ஆங்கிலமும் அதட்டலும் இந்த மோசடிக்காரர்களின் மூலதனம். மொழி புரியாத பதற்றத்தில் தலையாட்ட வைப்பார்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே இந்தியாவின் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஆபத்து நேரத்தில்

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது வாய்ப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. இலங்கையில் 1990, தமிழ்நாட்டில் 108. பிரிட்டனில் முதலில் 'விச் சர்வீஸ்?' என்று கேட்பார்கள். 'ஆம்புலன்ஸ், ப்ளீஸ்' என்று சொல்லிவிட்டு, அடுத்து முகவரி. என்ன ஆயிற்று என்பது அதற்கும் பிறகு. லைன் அறுந்தாலும் வண்டி வந்து சேர வேண்டுமே. 'மை ஃபாதர் ஹேஸ் கொலாப்ஸ்ட். ஹீ இஸ் நாட் பிரீதிங்.' மயங்கி விழுந்தார், மூச்சு இல்லை. அவர்கள் 'ஸ்டே ஆன் தி லைன்' என்றால் வைக்கக் கூடாது.

பழகுவது

படித்தால் மட்டும் வராது, வாய்க்குப் பழக வேண்டும். வாரத்துக்கு எட்டு வாக்கியம் போதும். போனில் பதிவு செய்து கேளுங்கள். 'பில்லு', 'லைனு', 'பேங்க்கு' என்று கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரம் அப்போதுதான் உங்கள் காதுக்கே தெரியும். அதை வெட்டினாலே பாதித் தெளிவு வந்துவிடும். அடுத்து, உங்கள் மொபைல் நிறுவனத்தின் கஸ்டமர் கேரை அழைத்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். திட்டம் என்றைக்கு முடிகிறது என்று உண்மையிலேயே தெரிய வேண்டியதைக் கேளுங்கள். பொறுமையாகப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார். நின்றுகொண்டு பேசிப் பாருங்கள், குரல் தெளிவாக வரும்.

வைக்கும்போது

'வெச்சிடறேன்' என்பதை 'ஐ யம் கீப்பிங் தி போன்' என்று சொல்பவர்கள் உண்டு. போனை நானே வைத்துக்கொள்கிறேன், தரமாட்டேன் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் முடிப்பதற்கு மூன்று படி: 'ஆல்ரைட் தென்.' அடுத்து 'தேங்க்ஸ் ஃபார் யுவர் ஹெல்ப்.' கடைசியில் 'பை.' கஸ்டமர் கேரில் 'எனிதிங் எல்ஸ்?' என்று கேட்பார்கள். 'நோ, தட்ஸ் ஆல், தேங்க் யூ' என்று சொன்னால் போதும், 'நத்திங்' என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் கோபத்தில் இருப்பதுபோல் கேட்கும்.

எதிர்முனையில் இருப்பவர் 'வெல், ஐ வில் லெட் யூ கோ' என்று சொன்னால், நீங்கள் எங்கேயும் போக அனுமதி கேட்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். அவருக்குத்தான் வேலை இருக்கிறது. 'பை' சொல்லிவிடுங்கள்.